மெல்பேர்ணில் முன்பிள்ளைப்பருவக் கல்வியில் பட்டம் படித்த அனுபவம்

"பிள்ளை பார்க்கிற வேலைக்கு நாலு வருசப் பட்டம் எதற்கு?" என்ற கேள்வியை, இந்தப் படிப்பில் சேர்ந்த காலத்திலிருந்து உறவினர் வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் கேட்டு வந்திருக்கிறேன். கேட்டவர்களில் பலர் நான்கைந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் என்பதால், அவர்களின் ஐயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியையாகச் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு வந்த நான், முதலில் டிப்ளோமாவும், பின்னர் அதற்குரிய பாட விலக்குகளுடன் பட்டப்படிப்பும் முடித்து, இன்று மெல்பேர்ணின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு கிண்டரில், அதாவது பாடசாலைக்கு முந்திய வயதுப் பிள்ளைகளின் வகுப்பில், ஆசிரியையாக இருக்கிறேன். இதே பாதையை யோசித்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள், பெரும்பாலும் பெண்கள், அடிக்கடி தொலைபேசியில் கேட்கும் விடயங்களை ஓரிடத்தில் எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் படிநிலைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் தரச் சட்டகம், குழந்தைகள் நிலையங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பணியாளர் இருக்க வேண்டும், அவர்கள் என்ன தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதை வரையறுக்கிறது. மெல்பேர்ண் அமைந்துள்ள விக்ரோரியா மாநிலத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒருவரும், அதற்கு மேற்பட்ட வயதில் பதினொரு பிள்ளைகளுக்கு ஒருவரும் இருக்க வேண்டும். அவ்வாறு கணக்கில் வரும் பணியாளரில் குறைந்தது பாதிப்பேர் டிப்ளோமா பெற்றவர்களாகவோ அதைப் படித்துக்கொண்டிருப்பவர்களாகவோ இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மூன்றாம் நிலைச் சான்றிதழ் போதும். ஆனால் அரசு நிதி பெறும் கிண்டர் வகுப்பைப் பதிவுபெற்ற பட்டதாரி ஆசிரியர்தான் நடத்தலாம். பட்டம் எதற்கு என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை இவ்வளவுதான். அதற்கு வேறொரு விடையும் உண்டு. அதைப் படிப்பின் நடுவில்தான் நான் கண்டுகொண்டேன்.

பட்டங்களிலும் வகைகள் உண்டு. பிறப்பு முதல் ஐந்து வயது வரை, எட்டு வயது வரை, பன்னிரண்டு வயது வரை என்று அவை பிரிகின்றன. பன்னிரண்டு வரை உள்ளதைப் படித்தால் ஆரம்பப் பாடசாலையிலும் கற்பிக்கலாம். ஆனால் அதற்கு லான்ரைற் எனப்படும் எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வில் தேற வேண்டும், படிப்புக் காலமும் நீளும். ஐந்து வயது வரை உள்ளதை மட்டும் படித்துவிட்டுப் பிறகு பாடசாலை வேலைக்கு ஆசைப்பட்டால் மறுபடியும் படிக்கத்தான் வேண்டும். ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் உள்ளவர்கள் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றை முழுநேரமாக ஓர் ஆண்டளவில் முடித்து ஆசிரியராகலாம். நம்மவரில் கணக்கியலோ விஞ்ஞானமோ படித்துவிட்டு இங்கு வந்து இத்துறைக்கு மாறியவர்கள் பலர் இவ்வழியால்தான் வந்தார்கள். எந்த வழியாக இருந்தாலும், அசீக்குவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியத் தர அதிகார சபையின் இணையத்தளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளின் பட்டியலில் அந்தப் பாடநெறியின் பெயர் அப்படியே இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துவிட வேண்டும். முகவர் சொன்னார், தெரிந்த அக்கா சொன்னா என்பதெல்லாம் இந்த இடத்தில் போதாது. பெயரில் "சிறுவர்" என்றும் "கல்வி" என்றும் இருந்தாலும் ஆசிரியத் தகுதியாகக் கொள்ளப்படாத பாடநெறிகளும் உண்டு.

பணத்தைவிடக் கூடுதலாகப் பலரை இடறி விழுத்துவது களப்பயிற்சிதான். ஐந்து வயது வரையிலான இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 80 நாட்களும், பட்டப்பின் படிப்புக்குக் குறைந்தது 60 நாட்களும் மேற்பார்வையின் கீழ்க் களத்தில் நிற்க வேண்டும். அதில் ஒரு பகுதி மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடன் அமைய வேண்டும். இவை ஊதியமில்லாத நாட்கள். வாடகையும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பாடசாலை நேரமும் இதற்காக நின்று தருவதில்லை. 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு ஆசிரிய, தாதிய, சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சிக் காலத்தில் வாராந்தக் கொடுப்பனவு வழங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அது வருமான நிபந்தனைகளுக்கு உட்பட்டது, வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. மாநில அரசின் புலமைப்பரிசிலுக்கும் தனியான நிபந்தனைகள் உள்ளன. நான் படித்த காலத்தில் இந்தக் கொடுப்பனவு இருக்கவில்லை. வேலை செய்த நிலையத்தில் ஆண்டு விடுமுறையைச் சேர்த்து வைத்து, களப்பயிற்சி வாரங்களில் எடுத்தேன். அந்தக் காலத்தில் ஊருக்குப் போகவில்லை. படிக்க நினைப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை, பாடத்தெரிவைப் பேசுவதற்கு முன்பே களப்பயிற்சிக் காலங்களை நாட்காட்டியில் குறித்து, அந்த வாரங்களில் வீட்டை யார் பார்ப்பது, செலவை எது தாங்குவது என்று கணவரோடோ பெற்றோரோடோ இருந்து கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே.

இனி அந்த வேறு விடைக்கு வருகிறேன். இந்தப் பட்டம் முழுவதையும் பிழிந்து பார்த்தால், ஒரு பிள்ளையைப் பார்க்கவும், பார்த்ததைத் தீர்ப்புக் கலக்காமல் எழுதவும், எழுதியதிலிருந்து நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கவும், அந்த முடிவுக்கான காரணத்தை இன்னொருவர் முன் நின்று சொல்லவும் தருகிற பயிற்சிதான் அது. பாடும் பாட்டையும் ஒட்டும் கடதாசியையும் ஊரிலேயே பழகியிருந்தேன். இந்த நான்கையும் இங்குதான் பழகினேன்.

முதல் ஆண்டில் எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சிகளில் ஒன்று, பத்து நிமிடம் ஒரு பிள்ளையைப் பார்த்து எழுதுவது. வகுப்பில் ஏறக்குறைய எல்லோருடைய தாளிலும் "மகிழ்ச்சியாக விளையாடினாள்", "சற்று வெட்கப்பட்டாள்", "பகிர்ந்துகொள்ள மறுத்தாள்" போன்ற வசனங்கள் இருந்தன. விரிவுரையாளர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: நீங்கள் கண்ணால் கண்டது எது? வெட்கத்தை யாரும் காண முடியாது. தலையைத் திருப்பியதை, விரலை வாயில் வைத்ததை, இரண்டடி பின்னால் போனதைக் காணலாம். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேறுபாடு கைக்கு வர நெடுங்காலம் எடுத்தது, ஏனென்றால் நம் வீடுகளில் பிள்ளையைப் பற்றிப் பேசுவதெல்லாம் தீர்ப்பாகவே இருக்கும்: சுட்டி, குழப்படி, அடம், சாது.

பிறகு ஒரு களப்பயிற்சியில், தண்ணீர்த் தொட்டியருகே நின்ற மூன்று வயதுச் சிறுமியைப் பற்றி நான் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: புனலின் அடியை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு மற்றக் கையால் குவளைத் தண்ணீரை ஊற்றினாள், புனல் நிரம்பியதும் விரலை எடுத்து, விழும் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள், மீண்டும் அடைத்தாள், இந்த முறை பக்கத்தில் நின்ற பையனின் கையைப் பிடித்து இழுத்து, அவனுடைய விரலைப் புனலின் அடியில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளாலும் பெரிய சாடியைத் தூக்கினாள், ஒரு சொல்லும் பேசவில்லை. "மகிழ்ச்சியாகத் தண்ணீரில் விளையாடினாள்" என்று எழுதியிருந்தால் அதிலிருந்து அடுத்த நாளுக்கு எதுவும் கிடைத்திராது. இந்தக் குறிப்பிலிருந்து, காரணத்தையும் விளைவையும் அவள் சோதித்துப் பார்க்கிறாள் என்பதும், ஒரு கை போதாது என்று கண்டு இன்னொருவரைத் துணைக்குச் சேர்க்கிறாள் என்பதும், அதைச் சொல்லில்லாமல் சாதிக்கிறாள் என்பதும் தெரிகின்றன. மறுநாள் வேறுவேறு அகலமுள்ள குழாய்களைத் தொட்டியில் வைத்தேன். தனியாளாகத் தூக்கிப் பிடிக்க முடியாத நீளத்தில் ஒன்றையும் வேண்டுமென்றே சேர்த்தேன். என் மேற்பார்வை ஆசிரியை "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்டபோது, முதல் நாள் குறிப்பைக் காட்டி விடை சொல்ல முடிந்தது. கவனித்தல், பொருள்கொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், மீள்நோக்கல் என்று பாடத்தில் வட்டமாக வரைந்து காட்டப்படும் திட்டமிடல் சுழற்சி நடைமுறையில் இதுதான்.

இதற்கு உதவிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் குறிப்பை நான் தமிழில்தான் எழுதினேன். பையில் அடங்கும் சிறிய கொப்பியில், நேரத்தையும் வினைச்சொற்களையும் பிள்ளை சொன்ன சொல்லைச் சொன்னபடியேயும் குறித்துவிட்டு, மாலையில் அதை ஆங்கில அறிக்கையாக்கினேன். ஆங்கிலத்தில் சொல் தேடிக்கொண்டு நிற்கும் நேரத்தில் பிள்ளை அடுத்த வேலைக்குப் போய்விடும். பெயரை மட்டும் எக்காலத்திலும் எழுதக் கூடாது; முதலெழுத்துக்கூட வேண்டாம், நீங்களே வைத்துக்கொண்ட ஓர் அடையாளம் போதும். சொந்தக் கைபேசியால் பிள்ளைகளைப் படமெடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. நிலையத்தின் கருவியில், பெற்றோரின் எழுத்து அனுமதியோடு எடுப்பதே வழி. விக்ரோரியாவில் இது இப்போது மிகக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது.

கோட்பாட்டுப் பாடங்களில், பிள்ளை வளர்ச்சியைப் பற்றி எழுதிய பியாஜே, வைகோட்ஸ்கி, புரொன்பென்பிரெனர் ஆகிய உளவியலாளர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் வருவார்கள். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரப் பாலர் பாடசாலைகளும் அவற்றுக்கு வழிகாட்டிய லோரிஸ் மலகுட்சியும் வருவார்கள். பாடத்தை மனனம் செய்து ஒப்புவிக்கும் கல்வியில் வளர்ந்த எனக்கு, இவர்களோடு வாதிடலாம் என்பது புதிதாக இருந்தது. அந்தத் துணிவைத் தந்தது அமெரிக்க உளவியலாளர் பார்பரா ரோகொஃப்பும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் எப்படி இணைந்து செயற்படுகிறார்கள் என்பதை அமெரிக்காவிலும் துருக்கியிலும் தலா ஒரு நகரத்திலும், குவாத்தமாலாவில் ஒரு மாயா ஊரிலும், இந்தியாவில் ஒரு பழங்குடிக் கிராமத்திலும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் விளையாட்டுத் தோழராகவும் பாடம் சொல்பவராகவும் குழந்தையின் எதிரில் உட்கார்வது எல்லா இடத்துக்கும் பொதுவானதல்ல என்பதும், பெரியவர்களின் வேலைகளுக்கு நடுவே இருந்து ஒரே நேரத்தில் பலவற்றை உற்றுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு என்பதும் அதிலிருந்து தெரிந்தன. குசினியில் அம்மம்மா தேங்காய் துருவும்போது அருகில் குந்தியிருந்து நாங்கள் கற்றது இதில் ஏதோ ஒரு வகை என்று வகுப்பில் சொன்னேன். அதைச் சொல்வதற்கு ஆய்வொன்றின் துணை இருந்ததால், "உங்கள் பண்பாட்டில் அப்படியா, எவ்வளவு சுவாரசியம்" என்ற அளவில் பேச்சு முடிந்துவிடாமல், குழு நேரத்தில் வட்டமாக உட்கார மறுக்கும் பிள்ளை உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கலாம் என்ற விவாதமாக அது வளர்ந்தது.

ஆனால் நம் பழக்கம் எல்லாவற்றுக்கும் இப்படி ஆதரவு கிடைத்துவிடாது. சாப்பாட்டு நேரம் அதற்கு எடுத்துக்காட்டு. ஒன்றரை வயதுக் குழந்தை கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, பாதிச் சோற்றை மடியில் கொட்டிக்கொண்டு இருக்கும்போது, தீத்திவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது தமிழ்த் தாய்க்கு எவ்வளவு கடினம் என்பதை வேறு யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. நிலையத்தில் குழந்தை தானே கிண்ணத்திலிருந்து எடுத்துப் போட்டு, தானே உண்டு, போதும் என்றால் தானே நிறுத்தும். எவ்வளவு உண்பது என்பதை அதன் வயிறு முடிவு செய்யட்டும் என்பதே இங்குள்ள நிலைப்பாடு. ஆரம்பத்தில் இதை ஓர் அலட்சியமாகவே பார்த்தேன். பிறகு, தீத்தப்படாத குழந்தைகள் எதை முகர்கின்றன, எதைத் தள்ளுகின்றன, நண்பனின் தட்டைப் பார்த்து எதைத் தொட்டுப் பார்க்கின்றன என்று எழுதத் தொடங்கியபோது, சாப்பாட்டு மேசையில் நடப்பது எவ்வளவு பெரிய கல்வி என்று புரிந்தது. இன்றும் வீட்டில் என் மகளுக்குக் குழைத்துத் தீத்திவிடுகிறேன்; அது வேறு, அதற்குரிய அன்பு வேறு. புதிதாக வரும் குழந்தை வீட்டில் கையால் தீத்தப்பட்டுப் பழகியது என்றால், முதல் வாரங்களில் நிலையத்திலும் அருகிலிருந்து ஊட்டி, சிறிது சிறிதாகக் கரண்டியைக் கைமாற்ற வேண்டும் என்று குழுக்கூட்டத்தில் வாதிட்டு ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அரசின் சட்டகமே பிள்ளையின் குடும்பப் பழக்கங்களை மதிக்கச் சொல்கிறது என்பதால், அந்த வாதத்துக்கு இடம் இருந்தது. 2009இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட தேசியக் கற்றல் சட்டகத்தையும், பிறப்பு முதல் எட்டு வயது வரைக்குமான விக்ரோரியச் சட்டகத்தையும் தேர்வுக்கான நூலாகப் படிக்காமல், உங்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கும் ஆவணமாகப் படியுங்கள்.

தூக்கத்தில் இந்தப் பேரம் கிடையாது. ஏணையில் வளர்ந்து, ஏணையில் பிள்ளை வளர்த்தவள் நான். இங்கே குழந்தையை மல்லாக்க, தட்டையான மெத்தையில், தலையணையோ தளர்ந்த போர்வையோ பொம்மையோ இல்லாத கட்டிலில் கிடத்த வேண்டும்; குறித்த இடைவெளியில் அருகில் சென்று மூச்சையும் முகத்தின் நிறத்தையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். திடீர்ச் சிசு மரணம் பற்றிய ஆய்வுகளின் மேல் நிற்கும் விதிகள் இவை. முழுத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுப்பதும், புறஊதாச் சுட்டி 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொப்பியும் வெயில் களிம்பும் இல்லாமல் வெளியே விடாததும் இதே வரிசையில் வருபவை. எதைப் பேசித் தீர்க்கலாம், எதைக் கேள்வியின்றிச் செய்ய வேண்டும் என்று பிரித்தறிவது களப்பயிற்சியின் முதல் நாட்களிலேயே தேவைப்படும்.

எழுத்துப் பணிகளைப் பற்றிச் சில சொற்கள். இந்தப் படிப்பில் தேர்வு மண்டபம் குறைவு, ஒப்படைகள் அதிகம். ஒப்படையோடு தரப்படும் புள்ளியிடல் அட்டவணையை முதலில் படித்துவிட்டு, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் என் கட்டுரையில் எந்தப் பத்தி விடை சொல்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். விடை சொல்லாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுவேன். "நான்" என்று எழுதச் சொல்லும் மீள்நோக்குக் கட்டுரைகள் நம்மைத் திணறவைப்பவை. நம் கல்வியில் "நான்" என்று எழுதினால் அடி விழும். அங்கே எதிர்பார்க்கப்படுவது மனம் திறந்த வாக்குமூலம் அல்ல. ஒரு நிகழ்வு, அதில் நான் எடுத்த முடிவு, அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த என் நம்பிக்கை, அதை ஆதரிக்கும் அல்லது மறுக்கும் ஓர் ஆய்வு, அடுத்த முறை செய்யப்போவது என்ற தொடர்ச்சி. இது பிடிபட்டுவிட்டால் பாதி ஒப்படைகள் இலகுவாகிவிடும். பல்கலைக்கழகத்தின் மொழி உதவிப் பிரிவு இலவசம். அங்கே போவதற்குக் கூச்சப்படுபவர்கள் நம்மவர்களே. பேச்சு ஆங்கிலத்துக்கு வேறு மருந்து தேவைப்பட்டது. பணியாளர் அறையில் வார இறுதியில் நடந்த காற்பந்தைப் பற்றிய பேச்சு புரியாமல் ஓரமாக இருந்துவிடுவது எளிது, ஆனால் அடுத்த நாள் திட்டம் பற்றிய உண்மையான உரையாடல்கள் அந்த அறையில்தான் நடக்கின்றன. பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததற்குப் பழகவும் சிறிது காலம் பிடித்தது. "ரீச்சர்" என்ற சொல்லுக்குள் இருந்த மதில் போனபின், அவர்களோடு தரையில் உட்கார்வது இலகுவாயிற்று.

களப்பயிற்சியில் நான் வருந்திய இடமும் உண்டு. ஒரு நிலையத்தில், ஆள் குறைந்த நாட்களில் என்னைப் பணியாளர் கணக்கில் சேர்த்து ஓர் அறையில் தனியே விடப் பார்த்தார்கள். பயிற்சி மாணவியை விகிதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பல்கலைக்கழகம் நிலையங்களோடு செய்யும் உடன்பாட்டில் எழுதப்பட்டிருந்தது. புள்ளியிடும் அதிகாரம் அவர்களிடம் இருக்கும்போது வாய் திறப்பது பயமாகத்தான் இருக்கும். அன்று மாலையே களப்பயிற்சி இணைப்பாளருக்கு, குற்றச்சாட்டு மொழி இல்லாமல், திகதியும் நேரமும் அறையில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் மட்டும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். பிள்ளையைக் கவனித்து எழுதப் பழகிய அதே மொழி அங்கும் உதவியது. அவர்கள் நிலையத்தோடு பேசினார்கள், நிலைமை மாறியது. உங்கள் களப்பயிற்சிக் கையேட்டில் இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பது சுமையா பலமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த ஒரு பகுதியில் என் இறுதிக் களப்பயிற்சி அமைந்தது. அங்கே நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. பேச்சு வளர்ச்சியில் தாமதம் இருக்கலாம், பேச்சு மருத்துவரிடம் அனுப்புவோமா என்று ஆசிரியர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மணல் தொட்டியருகே அவன் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றபோது நான் குனிந்து "ஒண்டுக்கு வருதோ?" என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு ஓடினான். திரும்பி வரும் வழியில், குழாய்த் தண்ணீர் ஏன் குளிராக இருக்கிறது என்பதில் தொடங்கி அப்பாவின் கார் வரை முழு வசனங்களில் பேசிக்கொண்டே வந்தான். இரண்டாம் மொழிச் சூழலுக்குள் புதிதாக நுழையும் பிள்ளை சில காலம் மௌனமாக இருப்பதை நாங்கள் பாடமாகப் படித்திருந்தோம். அவனுடைய தமிழ் வசனங்களைச் சொன்னபடியே எழுதி, பொருளையும் எழுதி, மேற்பார்வை ஆசிரியையிடம் கொடுத்தேன். அவனது தாயைக் கேட்டு, தண்ணி, ஒண்டுக்கு, நோகுது, அம்மா பின்னேரம் வருவா என்பது போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, கழுவுமிடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினோம். வியட்நாமிய ஆசிரியை ஒருவர் "அம்மா பின்னேரம் வருவா" என்று தன் உச்சரிப்பில் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சு மருத்துவருக்கு எழுதவிருந்த கடிதம் தள்ளிப்போடப்பட்டது. நான் தமிழில் பேசியதோடு விட்டிருந்தால் அது ஓர் உதவி மட்டுமே. அதைப் பதிவாக்கி, குழுவின் திட்டமாக்கியதைத்தான் பட்டம் கற்றுத் தந்தது.

மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டிய இன்னொன்று, கட்டாய முறைப்பாடு. 2019 மார்ச் முதல் விக்ரோரியாவில் பதிவுபெற்ற முன்பிள்ளைப்பருவ ஆசிரியர்களும், ஒரு பிள்ளை உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்தப்படுகிறது, அதிலிருந்து பெற்றோர் அதைக் காக்கவில்லை என்று நியாயமாக நம்பினால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். அது "அவர்களின் வீட்டு விடயம்" என்று விலகிப்போகும் வழி இங்கு இல்லை. நம் சமூகக் குடும்பம் என்றாலும், கோயிலில் சந்திக்கும் முகம் என்றாலும் அப்படித்தான். இந்தப் பாடத்தை நான் பெரிதாக விளக்கப் போவதில்லை. இதற்கு மனம் ஒப்பாதவர்கள் சேர்வதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் விக்ரோரிய ஆசிரியர் நிறுவகத்தில் தற்காலிகப் பதிவு பெற்று, பணியில் இருந்துகொண்டே ஒரு ஆய்வுச் செயற்பாட்டின் வழியாக முழுப் பதிவுக்கு மாற வேண்டும். வேலை கிடைப்பது இப்போது சிரமமில்லை, ஆசிரியர் தட்டுப்பாடு இருக்கிறது. சிரமம் இருப்பது தெரிவில். பாடசாலைத் தவணையை ஒட்டி நடக்கும் தனிக் கிண்டர்களில் பல, மாநில அளவிலான தொழிற்சங்க உடன்பாட்டின் கீழ் ஊதியம் தருகின்றன, தவணை விடுமுறையும் உண்டு. நாள் முழுதும் இயங்கும் சைல்ட் கெயார் நிலையங்களில் அதே பட்டத்துக்கு, அடிப்படை ஊதிய விதியை ஒட்டிய குறைந்த சம்பளமும் நீண்ட ஆண்டும் இருக்கலாம். மத்திய அரசின் நிதியால் 2024 டிசம்பர் முதல் கட்டங்களாக வந்த 15 வீத ஊதிய உயர்வு இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, ஆனால் அதில் சேர்ந்த நிலையங்களில் மட்டும். நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்கத் தயங்கும் நம்மவர்கள், அதைவிட முக்கியமான ஒன்றையும் கேட்க மறந்துவிடுகிறார்கள்: பிள்ளைகளிடமிருந்து விலகி இருந்து குறிப்பெழுதவும் திட்டமிடவும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், அது பணி அட்டவணையில் பதியப்பட்டிருக்கிறதா, ஆள் குறைந்தால் அது முதலில் பறிபோகுமா? இதற்குத் தெளிவான விடை சொல்ல முடியாத நிலையம் ஒன்று எனக்குக் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொன்னது. குறைந்த சம்பளத்தில், வாரந்தோறும் அரை நாள் மேசையில் உட்கார விட்ட கிண்டரையே தேர்ந்தெடுத்தேன்.